சிசிலியில் ஒரு பலகாரக் கடை

'கசாட்டா' என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது மதுரையில். அப்பொழுது எனக்குப் பத்து வயது இருக்கலாம். கணக்குத் தேர்வில் ஒருவாறு தேறிவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் என் மாமா என்னை ஓர் ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துச் சென்றார். அரைவட்டமாக வெட்டிய துண்டு ஒன்று தட்டில் வந்தது. இளஞ்சிவப்பு, பச்சை, இளமஞ்சள் என மூன்று நிறங்கள் வானவில்லைப் போல வளைந்திருந்தன. அடியிலே மெல்லிய கேக்கு. விளிம்பிலே பொடித்த முந்திரிப் பருப்பு. "இதற்கு ஏன் மாமா கசாட்டா என்று பெயர்?" என்று கேட்டேன். "அது இத்தாலிக்காரன் வைத்த பெயர், உருகுவதற்குள் சாப்பிடு" என்றார். ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் அத்தையிடம் அந்தப் புதுமையை விரிவாக வருணித்தேன். அத்தை பலகாரம் செய்வதிலே பெயர் பெற்றவர். கல்யாண வீடுகளில் சமையலுக்கு எத்தனை பேர் வந்திருந்தாலும், பாகு காய்ச்சும் வேளைக்கு அத்தைக்கு ஆள் வந்துவிடும். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதம் பார்க்காமல் செய்கிற பண்டம் ஒரு பலகாரமா?" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆயினும் அத்தையை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை.

நேயர்களே, இதற்குச் சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில், நான் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் ஒரு பலகாரக் கடையின் வாயிலிலே நின்றுகொண்டிருந்தேன். அலுவல் காரணமாக ரோமாபுரி வரை சென்றவன், கையில் ஒரு வாரம் ஓய்வு இருந்ததால், நேப்பிள்ஸ் துறைமுகத்தில் மாலையில் கப்பலேறி, விடியற்காலையில் பலெர்மோவில் இறங்கினேன். அது ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய வாரம். நகரத்துப் பலகாரக் கடைகளின் கண்ணாடிப் பேழைகள் எல்லாம் கொலுப் படிகளைப் போலக் காட்சியளித்தன. வாதுமை மாவினால் செய்த வெள்ளாட்டுக்குட்டிகள் — அல்ல, செம்மறிக்குட்டிகள் — கையளவிலும் முழ அளவிலும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறு சிவப்புக் கொடி. அவற்றின் பக்கத்தில் பீச்சுப்பழம், அத்திப்பழம், மாதுளை, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவை குவிந்திருந்தன. பழக்கடையும் இங்கேயே இருக்கிறதே என்று எண்ணிக் குனிந்து பார்த்தேன். அவையும் வாதுமை மாவே! அத்தியின் தோலில் இருக்கும் வெடிப்பைக்கூட எவனோ ஒருவன் தூரிகையால் தீட்டியிருந்தான்.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக ஒரு பண்டம் வீற்றிருந்தது. அகன்ற தட்டைக் கவிழ்த்தது போன்ற வடிவம். மேலே பால்போன்ற வெண்மை. சுற்றிலும் இளம்பச்சை மதில். உச்சியிலே பாகில் ஊறிய முழு நாரங்கம், பேரிக்காய், செர்ரிப் பழங்கள் ஆகியவற்றைப் பதித்து, அவற்றிலிருந்து பச்சை நிற நாடாக்கள் இதழ் இதழாக விரியும்படி செய்திருந்தார்கள். ஏதோ ஒரு கோபுரத்தின் கலசத்தை மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. அதன் முன்னே வைத்திருந்த அட்டையில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: கஸ்ஸாத்தா!

என் பத்தாம் வயது முழுவதும் அந்த ஒரு சொல்லிலே திரும்பி வந்தது. அந்நாட்டு வழக்கப்படி முதலில் காசாளரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பின்னர் உள்ளே சென்று, "எனக்குக் கஸ்ஸாத்தா வேண்டும், அந்தப் பச்சைக் கேக்கு அன்று, ஐஸ்கிரீம்" என்று, தெரிந்த நாலு இத்தாலியச் சொற்களையும் கையசைவுகளையும் கலந்து விளக்கினேன். பேழைக்குப் பின்னே நின்ற அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்பு, அரிச்சுவடி தெரியாத பிள்ளைக்கு 'அ' காட்டும் ஆசிரியையைப் போல, விரலை அந்தப் பச்சை மதிலின்மேல் வைத்து, "கஸ்ஸாத்தா" என்று மெல்ல, அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். ஐஸ்கிரீமாகச் செய்யும் கஸ்ஸாத்தாவும் இத்தாலியில் உண்டு என்று பிற்பாடு அறிந்தேன். ஆனால் அது பிள்ளை, இதுவே தாய். நாம் அந்தப் பிள்ளையையும் நமக்கு ஏற்றபடி உடை மாற்றி வளர்த்துக்கொண்டோம்.

முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தித்திப்பு! திருநெல்வேலி அல்வாவையும் ஜாங்கிரியையும் ஒருங்கே உண்டு பழகிய நாக்குக்கே அது திகட்டியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் சிறிது நேரம் கழிந்ததும் அடியிலிருந்த வெண்ணிறத் திரளின் சுவை தனியே மேலெழுந்தது. தித்திப்புக்குள்ளே ஒரு சிறு புளிப்பு, புல் மேய்ந்த ஆட்டின் பால்மணம். அதற்குப் பின்னே வாதுமையின் இலேசான கசப்பு. கடைசியாக நாரத்தைத் தோலின் காரம். எனவே மறுபடியும் கரண்டியை எடுத்தேன். தட்டு காலியான பிறகுதான் அந்த அம்மையார் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்.

கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் ஒருவன் நான் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான் போலும். அவனுக்கு ஆங்கிலம் தெரியும், கடைக்காரரின் உறவினனும்கூட. இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் கஸ்ஸாத்தாவை ஐஸ்கிரீம் என்று சொல்கிறார் என்ற செய்தி உள்ளே போயிற்று. அதன் பயனாக மறுநாட் காலையில் பலகாரம் செய்யும் கூடத்துக்குள் வந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கூடத்தை அவர்கள் 'லபொராத்தோரியோ' என்கிறார்கள். விஞ்ஞானிகள் சோதனை நடத்தும் இடத்துக்கும் அதுவே பெயர். நம் அடுக்களைக்கும் அப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் அங்கே நடக்கும் காரியத்துக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

கூடத்தில் எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவர் தனியே வேலை செய்துகொண்டிருந்தார். கஸ்ஸாத்தாவின் உயிர்நாடி 'ரிக்கோத்தா' என்னும் பால்திரள். செம்மறியாட்டின் பாலைத் திரைத்துக் கட்டி எடுத்த பின்பு எஞ்சும் தெளிநீரை மீண்டும் காய்ச்சினால், மேலே மென்மையான வெண்திரள் பொங்கி வரும். 'மறுபடி காய்ச்சியது' என்பதே ரிக்கோத்தா என்ற சொல்லின் பொருள். இளவேனிற் காலத்தில் மலைச்சாரலில் புதுப்புல் முளைத்து ஆடுகள் நன்றாக மேயும்; அப்பொழுது கிடைக்கும் ரிக்கோத்தாவே சிறந்தது. கஸ்ஸாத்தா ஈஸ்டர் பண்டமானதற்கு அதுவே காரணம். திருநாட் காலையில் கஸ்ஸாத்தா உண்ணாதவனைப்போல் இரங்கத்தக்கவன் இல்லை என்ற கருத்தில் அவர்களிடையே ஒரு பழமொழியும் வழங்குகிறது.

முதல் நாளே நீர் வடியவிட்ட ரிக்கோத்தாவில் சர்க்கரையைக் கலந்து, சல்லடையிலே தேய்த்துத் தேய்த்து மணலில்லாத வண்டல் போல் ஆக்கினார் முதியவர். அதில் சாக்லேட்டுத் துணுக்குகளைத் தூவினார். சரிந்த விளிம்புள்ள ஒரு தகரத் தட்டின் உட்புறம் பச்சை வாதுமை மாவையும் மெல்லிய கேக்குத் துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி மதில் எழுப்பினார். இடையிலே ரிக்கோத்தாவை நிரப்பி, மேலே கேக்கினால் மூடி, குளிர்ச்சியில் வைத்தார். முந்திய நாள் அப்படி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பலகையின்மேல் கவிழ்த்து, சர்க்கரைப் பூச்சு ஊற்றி, அதன்மேல் பழங்களை அடுக்கினார். கலசத்தின் இதழ்களாக நான் கண்ட பச்சை நாடாக்கள் பாகில் ஊறிய காய் என்று அப்பொழுது தெரிந்தது. பூசணி, சுரை இனத்தைச் சேர்ந்த காயைப் பல நாள் பாகில் ஊறவைத்துக் கண்ணாடி போல் ஆக்கியது. அதற்கு 'ஜுக்காத்தா' என்று பெயர். ஆக்ராவுக்குப் போய்வருகிறவர்கள் நமக்கு வாங்கி வரும் 'பேட்டா'வுக்கு அது சிற்றப்பன் மகனாக இருக்கவேண்டும்.

வாதுமை மாவைச் செய்து காட்டியபோது அவர் முகமே மாறிவிட்டது. அதற்கு 'அரசர்க்குரிய மாவு' என்று பெயராம். சர்க்கரையில் நீர் விட்டு அடுப்பில் ஏற்றினார். மரக்கரண்டியால் கிண்டினார், தூக்கிப் பார்த்தார், மறுபடி கிண்டினார், மறுபடி தூக்கினார். பேச்சு நின்றது. கரண்டியின் நுனியிலிருந்து பாகு நூலாக இறங்கிய அந்தக் கணத்திலே அடுப்பை அணைத்து, அரைத்து வைத்திருந்த வாதுமைப் பருப்பைக் கொட்டிப் புரட்டினார். கடிகாரமும் பார்க்கவில்லை, வெப்பமானியும் வைக்கவில்லை. அக்கணம் எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

வேலை செய்துகொண்டே அவர் ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பெயர் சொன்னார்; மாணவன் அதை எனக்கு மொழிபெயர்த்தான். சர்க்கரையைத் தொட்டு, 'ட்ஸூக்கெரோ' என்றார். பாகில் ஊறிய பழங்களைத் தொட்டு, 'கந்தீத்தி' என்றார். நாரத்தைத் தோலைத் தொட்டு, 'அரான்ச்சா' என்றார். மூன்றாவது சொல்லின்போது நான் மாணவனை நிறுத்தி, "இந்த மூன்று சொல்லுக்கும் நீ மொழிபெயர்ப்புச் சொல்லவேண்டாம்" என்றேன்.

அன்பர்களே, அந்த மூன்று சொற்களும் நம்மவை. பருக்கைக் கல் என்று பொருள்படும் 'சர்க்கரா' என்ற வடசொல்லே நம்மிடம் சர்க்கரையாக வழங்குகிறது. அதுவே பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆகி, அரபு மொழியில் 'சுக்கர்' ஆகி, சிசிலியில் கரையேறியபோது 'ட்ஸூக்கெரோ' ஆயிற்று. துண்டு என்று பொருள்படும் 'கண்டம்' நம்மிடம் கற்கண்டில் இருக்கிறது. அது அரபியரிடம் 'கந்த்' ஆகி, இத்தாலியரிடம் 'கந்தீத்தி' ஆயிற்று. மூன்றாவது சொல் இன்னும் நெருங்கிய உறவு. அரான்ச்சா என்பது அரபு மொழியின் 'நாரன்ஜ்'. அதற்குப் பாரசீகத்தில் 'நாரங்', வடமொழியில் 'நாரங்க'. வடமொழிச் சொல்லும் திராவிட மொழியிலிருந்து எடுத்ததே என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் நாரத்தையின் உறவினன் பலெர்மோவில் அரச மாவின்மேல் கொலுவிருக்கிறான்! முதியவரிடம் இதை மாணவன் எடுத்துச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொன்னார். "வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்கிறார் தாத்தா" என்றான் மாணவன்.

வந்தவர்கள் யார்? 827-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் சிசிலியில் இறங்கின. 831-இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. அவர்களோடு கரும்பும் எலுமிச்சையும் நாரத்தையும் வந்தன. வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் முறையும் வந்தது. 1072-இல் நார்மானியர் நகரைக் கைப்பற்றினர். ஆட்சி மாறியதே ஒழியக் கரும்புத் தோட்டம் மாறவில்லை. ஆனால் ஒரு தொழில் நிலைத்து நிற்கத் தோட்டம் மட்டும் போதுமா? தெரிந்த கை வேண்டும். அது குறைந்துகொண்டே வந்தது. சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக்குப் பேரரசன் 1239-ஆம் ஆண்டில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்த தன் பிரதிநிதிக்கு ஒரு கட்டளை அனுப்பினான். சர்க்கரை காய்ச்சுவதில் தேர்ந்த இருவரைத் தேடிப் பலெர்மோவுக்கு அனுப்பவேண்டும். அக்கலை அங்கே அழிந்துபோகாதபடி அவர்கள் பிறருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். போப்பாண்டவரோடு ஓயாத பூசல், வட இத்தாலிய நகரங்களோடு போர், இத்தனைக்கும் நடுவிலே, பாகு காய்ச்சத் தெரிந்த இரண்டு பேருக்காகக் கவலைப்பட்ட அந்த மன்னனிடம் எனக்குத் தனியான ஒரு மதிப்பு உண்டு. போர்களில் அவன் வென்றதும் தோற்றதும் இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

கஸ்ஸாத்தா என்ற பெயரும் கிண்ணம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும், பாற்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். முதியவரின் தகரத் தட்டைப் பார்த்த பிறகு நான் கிண்ணத்தின் கட்சியிலே சேர்ந்துவிட்டேன்.

மன்னனுக்குப் பின்பு அந்தக் கலையைக் காத்தவர்கள் கன்னியர் மடங்களில் வாழ்ந்த துறவுப் பெண்கள். பலெர்மோவில் பெல்லினிச் சதுக்கம் என்ற இடம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் 1143-இல் கட்டிய பழைய கோயில். அதையொட்டி, 1194-இல் எலொயிசா மார்த்தோரானா என்ற சீமாட்டி நிறுவிய கன்னியர் மடம் இருந்தது. நான் குனிந்து பார்த்து ஏமாந்த அந்த வாதுமைப் பழங்களுக்கு இன்றளவும் 'மார்த்தோரானாப் பழம்' என்றே பெயர். உயர்ந்த விருந்தினர் ஒருவர் வரவிருந்தபோது மரங்கள் காய்க்காத பருவமாக இருந்ததால், கன்னியர் மாவினால் பழம் செய்து கிளைகளிலே தொங்கவிட்டார்கள் என்று கதை சொல்கிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, மடம் மறைந்துவிட்டது, பழம் இருக்கிறது.

சதுக்கத்தின் மறுபக்கத்தில் புனித கத்தரீனாள் மடம். அது பதினான்காம் நூற்றாண்டில் தோன்றியது. அம்மடத்துக் கன்னியர் வெளியாரை முகங்கொண்டு பார்க்கக்கூடாது என்பது விதி. ஆகவே சுவரிலே ஒரு மர உருளையைப் பதித்திருந்தார்கள். வாங்க வந்தவர் அதிலே காசை வைத்துச் சுழற்றுவார். உருளை திரும்பி வரும்போது பலகாரம் இருக்கும். கொடுத்த கையைக் கண்டவர் இல்லை. 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தாலிய அரசு துறவிகளின் சபைகளைக் கலைத்து அவற்றின் சொத்துக்களையும் எடுத்துக்கொண்டது. அதன் பின்பு பல மடங்களில் திருநாட் பலகாரமே சோறு போடும் தொழிலாயிற்று. புனித கத்தரீனாள் மடத்திலிருந்த கடைசிக் கன்னியர் 2014-இல் வெளியேறினர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்பு, பல மடங்களின் பழைய பலகார முறைகளைத் தேடித் திரட்டி, அக்கட்டடத்துக்குள்ளேயே ஒரு பலகாரக் கடை திறந்திருக்கிறார்கள். நான் அங்கும் சென்று, முற்றத்து நீரூற்றின் அருகே உட்கார்ந்து தின்றேன். மரங்களில் நாரத்தை காய்த்திருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், எரிச்சே என்னும் ஊருக்குப் போகவேண்டும் என்று தீர்மானித்தேன். சிசிலியின் மேற்குக் கோடியில் திராப்பனி என்ற உப்பளத் துறைமுகம் இருக்கிறது. அதன் தலைக்குமேல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் நிற்கிறது எரிச்சே. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மேகம் தெருவில் நடந்துபோகும். அந்த ஊரில் மரியா கிரம்மாத்திகோ என்பவர் தொடங்கிய பலகாரக் கடை ஒன்று இருக்கிறது. அவருடைய வரலாற்றை, அமெரிக்காவில் பிறந்து சிசிலியில் குடியேறிய மேரி டெய்லர் சிமெத்தி என்ற எழுத்தாளர் கேட்டு எழுதி 1994-இல் நூலாக வெளியிட்டார். 'கசப்பு வாதுமை' என்று அதன் பெயரைச் சொல்லலாம்.

மரியாவின் தந்தை இறந்துபோனார். வீட்டில் குழந்தைகள் பலர். தாய் மேலும் ஒரு பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். உணவுக்கு வழியில்லை. 1950-களின் தொடக்கத்தில், பதினோரு வயதில், மரியாவும் அவருடைய தங்கையும் எரிச்சேயில் கன்னியர் நடத்திய சான் கார்லோ இல்லத்தில் விடப்பட்டனர். அது ஏழைப் பெண்களைக் காக்கும் இல்லம். ஆனால் இல்லத்துக்கு வருவாயே பலகாரந்தான். விடியுமுன் எழுந்து வாதுமையை உடைக்கவேண்டும், தோலுரிக்கவேண்டும், கையாலேயே அரைக்கவேண்டும், விறகடுப்பை மூட்டவேண்டும். திருநாள் நெருங்கினால் இரவும் பகலும் ஒன்றே. ஊரார் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் தின்னும் செம்மறிக்குட்டியை அந்தப் பிள்ளைகள் செய்தார்கள். செய்தவர்களுக்கோ ஓரத்தில் உதிர்ந்ததுதான் கிடைத்தது.

செய்முறையையோ அளவையோ கன்னியர் எவருக்கும் கற்பிக்கவில்லை. அது இல்லத்தின் செல்வம். உழைப்புக்கு உரியவர்கள் சிறுமிகள். அளவுக்கு உரியவர்கள் கன்னியர். ஆனால் கண்ணுக்குக் கதவு போட முடியுமா? சர்க்கரை எத்தனை, பருப்பு எத்தனை, எலுமிச்சையினத்துப் பெருங்காயைக் கொண்டு குட்டியின் வயிற்றை நிரப்பும் இனிப்பை எவ்வளவு நேரம் கிண்டவேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெண் ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்து நெஞ்சிலே எழுதிக்கொண்டாள். 1960-களின் தொடக்கத்தில், வாலிப வயதில், உடலும் மனமும் நொந்த நிலையில் அவள் வெளியே வந்தாள். சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நெஞ்சிலே திருடிய அளவுகள் மட்டும் இருந்தன. திருடிய என்று சொன்னதற்கு நானே வருந்துகிறேன். பத்து ஆண்டுக் கூலியை வேறு எந்த நாணயத்தில் அவள் பெற்றுக்கொள்வது? கொஞ்சம் வாதுமையை வாங்கி, செய்து, விற்று, மறுபடி வாங்கி, இப்படியே கடை எழும்பிற்று. கன்னியரின் கைத்திறம் உலகத்துக்குத் தெரிந்தது அவள் வழியாகத்தான். எழுதிவைக்காத ஒன்றை, எழுதிவைக்க மறுத்தவர்களிடமிருந்தே அந்தச் சிறுமி காப்பாற்றிவிட்டாள். பிரெடெரிக்கு மன்னனின் கட்டளையைவிட அது உறுதியாகப் பலித்தது.

அந்தக் கடைக்குள் நான் போனபோது மூடுபனி வாயிற்படி வரை வந்திருந்தது. 'ஜெனொவேசே' என்ற பண்டத்தை அடுப்பிலிருந்து எடுத்தபடியே தருகிறார்கள். மெல்லிய மாவுக் கூட்டுக்குள் பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய சூடான கூழ். மேலே சர்க்கரைப் பொடி. நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் அதை உண்ண முடியாது; ஆறவிட்டு உண்பவர் எவரையும் அங்கே நான் காணவில்லை. அதை உண்டுவிட்டு, வாதுமைப் பலகாரங்களை வரிசையாகப் பார்த்தேன். பலெர்மோவில் கண்ட பளபளப்பு இங்கே சற்றுக் குறைவு. ஆனால் வாயிலிட்டால் வாதுமை வாதுமையாகவே இருக்கிறது. தித்திப்பு ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. என் எளிய தீர்ப்பைக் கேட்டால், சிசிலியில் நான் உண்டவற்றுள் அதற்கே முதலிடம். கஸ்ஸாத்தாவுக்கு இரண்டாமிடம். பலெர்மோ மாணவன் இதைக் கேட்டால் என்னோடு பேசமாட்டான்.

வாதுமைப் பலகாரம் பல நாள் கெடாது. ஆகையால் மார்த்தோரானாப் பழங்களில் ஒரு பெட்டியும், ஒரு சிறு செம்மறிக்குட்டியும் வாங்கிப் பஞ்சு சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். குட்டியின் ஒரு காது வழியிலே உடைந்துபோயிற்று, கொடி நின்றது.

அத்தைக்கு அப்பொழுது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. பழங்களைத் தட்டில் வைத்து முன்னே நீட்டினேன். அத்திப்பழத்தைக் கையில் எடுத்துத் தடவினார்; முகர்ந்தார்; ஓரத்தில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். நான் சும்மா இருக்கமாட்டாமல் நாரத்தையின் கதையையும், சர்க்கரையின் பயணத்தையும், பேரரசனின் கட்டளையையும், மலைமேல் வளர்ந்த அந்தப் பெண்ணின் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டபோது மட்டும் அத்தை மெல்லுவதை நிறுத்தினார். "ஓரத்தில் நின்று பார்த்தாளாமா?" என்று ஒருமுறை கேட்டார், பிறகு ஒன்றும் பேசவில்லை. அத்தையின் பக்கத்தில் ஓரமாக நின்று பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நீளவில்லை.

அப்புறம் அவர் கிழவரின் அடுப்பைப் பற்றிக் கேட்டார். கரண்டியைத் தூக்கிப் பார்த்ததையும், பாகு நூலாக இறங்கியதையும், அந்தக் கணத்திலேயே அடுப்பை அணைத்ததையும் நான் பெருமிதத்தோடு விளக்கினேன். அத்தையின் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் அது பலகாரந்தான்" என்றார். "ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியாடா?"

நான் அதைப் பார்க்கவில்லை.